பதினோரு பேருக்கு எதிரே ஹாலிஸ் பிரெக்

ஹாலிஸ் பிரெக் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அமெரிக்காவின் மொண்டானாவில் எங்கள் மலைப்பக்கத்தில் அவருடைய ஆலையில் அறுத்த பலகை இல்லாத வீடு கிடையாது. எவனிடமும் கெஞ்சி நின்றதில்லை என்று மார்தட்டுவார். அதில் பொய்யும் இல்லை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில், தீர்ப்புச் சொல்ல ஊரார் பன்னிரண்டு பேரைக் கூட்டும் ஜூரியில் உட்கார்ந்த நாள்வரை.

வழக்கு, வைக்கோல் விற்கும் ஆரின் டால் மேல். அவன் மனைவி நெட்டிக்குப் புற்றுநோய். அவள் வலியில் துடிப்பதைப் பார்க்க முடியாமல் கொட்டகையில் கஞ்சா வளர்த்தான். வாரண்ட் இல்லாமல் கதவை உடைத்து நுழைந்த ஷெரீப்பின் போலீஸ்காரன், சாலையிலேயே கஞ்சா வாசனை வந்ததாகச் சத்தியம் செய்தான். கொட்டகையை ஒட்டிப் பன்றிப் பட்டி! ஆரின் சிறைக்குப் போனால் நெட்டிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

ஜூரி அறையில் குற்றவாளிதான் என்று பதினோரு கை உயர்ந்தது. பன்னிரண்டும் உயர்ந்தால்தான் தண்டனை.

“என்ன பெரியவரே, கை மரத்துப்போச்சா?” என்றாள் ஜூரித் தலைவி லோர்னா.

“போலீஸ்காரன் சொன்னத நான் நம்பல. பன்னி நாத்தத்தத் தாண்டி மோப்பம் பிடிச்சானாம். அது மூக்கா, வேட்டைநாயா?”

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். சாட்சியை நம்பாத ஜூரரை ஒருவரும் அசைக்க முடியாது. ஆனால் ‘நான் சொல்லும் சட்டப்படி நடப்பீர்களா’ என்று நீதிபதி முதல் நாளே கேட்டு, எல்லோரும் தலையாட்டியிருந்தார்கள். சட்டமே தப்பு என்று வாய்விட்டால் நாற்காலி போய்விடும். அதில் உட்கார மாற்று ஆள் வெளியே தயாராக இருந்தார்.

பொழுது சாய்ந்தது. மாட்டுப்பண்ணைக்கார வார்டு பொறுமை இழந்தான். “என் மாடுங்க கன்னு போடற நேரம். உமக்கென்ன, பலகை குட்டி போடாது!”

ஹாலிஸ் அதற்கும் அசையவில்லை.

“விடுங்கப்பா,” என்றாள் லோர்னா. “எட்டாவது படிச்சவரு. சட்டம் புரியல, பாவம்.”

அதுதான் சுருக்கென்று தைத்தது. ஹாலிஸ் எழுந்துவிட்டார்.

“எனக்கா புரியல? சாகக் கிடக்கறவளுக்கு வலி தீர்த்தவன உள்ள தள்ளற சட்டம்! ஜட்ஜு என்ன, ஜனாதிபதியே வந்தாலும் அதுக்கு ஹாலிஸ் பிரெக் கை தூக்க மாட்டான். ஜூரின்னு ஒண்ணு வெச்சிருக்கறதே அதுக்குத்தாண்டா!”

லோர்னா எழுந்துபோய், நீதிபதிக்குச் சொல்லி அனுப்பக் கதவைத் தட்டினாள்.

நீதிபதி ஹாலிஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். “நான் சொன்ன சட்டப்படி தீர்ப்பு சொல்ல உங்களால முடியுமா, முடியாதா?”

முடியும் என்று பொய் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. “அந்தப் போலீஸ்காரன... நம்பலைங்கய்யா.”

“நான் கேட்டது அது இல்ல.”

“என்ன வெச்சுக்குங்கய்யா. இனி வாயே தொறக்கல. சும்மா ஓரமா உக்காந்திருக்கேன். உங்க கால்ல வேணா...”

“உங்க சேவைக்கு நன்றி, மிஸ்டர் பிரெக்.”

வெளியே பனி பொழிந்தது. வண்டிக்குள் உட்கார்ந்த ஹாலிஸின் கை சாவியைத் திருப்பவில்லை. பன்னிரண்டாவது கையும் உயர்ந்து தீர்ப்பு வந்ததும் நெட்டி தனியாகப் படியிறங்கி வந்தாள், கம்பியைப் பிடித்துப் பிடித்து. அவர் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார்.

“நீங்க ஒருத்தர்தான் கை தூக்கலன்னாங்க,” என்றாள் மூச்சு வாங்க.

“ஆமாம்மா.”

“அப்புறம் ஏன் வெளிய வந்தீங்க?”