ராத்தாவைத் தங்கச்சியாக்கிய கடிதம்

ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு என் தங்கச்சி விண்ணப்பித்திருந்தாள். அவளுடைய குடும்ப விபரக் கடிதம் இன்று திரும்பி வந்துவிட்டது. பிறந்த திகதிப்படி நான் மூத்தவள், கடிதத்தில் இளையவளாம். எது உண்மை என்று கேட்கிறார்கள்.

அதை மொழிபெயர்த்துக் கொடுத்த கல்முனைக் கடைக்கு நேரே போனேன்.

"நான் அவட ராத்தா. ஜப்பான் பாஷையில ராத்தாக்கு 'அனெ', தங்கச்சிக்கு 'இமோத்தோ' எண்டு அவதான் சொல்லித் தந்தா. நீங்க என்னை இமோத்தோ எண்டு போட்டிருக்கீங்க."

கடைக்காரர் கதிரையில் சாய்ந்தபடியே, "முதல்ல இங்கிலிஷுக்கு மாத்தித்தான் ஜப்பானுக்கு மாத்துற. இங்கிலிஷ்ல ரெண்டும் சிஸ்டர்தானே? இதெல்லாம் ஒரு விசயமா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்மிடமும் இரண்டு சொல், அவர்களிடமும் இரண்டு சொல். நடுவில் எதற்கு அந்த ஒற்றைச் சொல்? அதனால் ஒரு பிள்ளையின் பயணமே தள்ளிப்போகிறது!

அந்நேரம் அவருடைய போன் அடித்தது. மனிதர் கதிரையை விட்டு எழும்பி, குரலைத் தாழ்த்தி, "ஓம் ராத்தா, சொல்லுங்க ராத்தா" என்றார்.

ஏன், "சொல்லு சிஸ்டர்" என்று சொல்லியிருக்கலாமே?

உங்கள் வீட்டில் யாருக்காவது அந்தத் துணிச்சல் இருக்கிறதா?