நாள்தோறும் போய்த் திரும்புகிறவர்

தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்த கையோடு இன்னாசியம்மாள் இடது காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொள்கிறார். வலது காது சூப்பர்வைசருக்கு. மணி இரண்டு. குமுளிக்கு அப்பால், கேரளப் பக்கத்து இந்த ஏலத்தோட்டத்தில் குந்தியிருக்கும் பதினைந்து பெண்களில் முக்கால்வாசிப் பேர் காதில் பாட்டு ஓடுகிறது. இவர் காதில் நாடாளுமன்றம்.

"பதினொரு மணிக்கே ஆரம்பிச்சுருவாக. அது கேள்வி நேரம், நமக்கு வேணாம். மசோதாவெல்லாம் சாப்பாட்டுக்குப் பெறகுதான்" என்கிறார். இந்தி சுத்தமாகத் தெரியாது. இங்கிலீஷ், பஸ் போர்டு படிக்கிற அளவு. ஆனாலும் மசோதா எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறார். "கூப்பாடு கேட்டா இன்னும் பேசிக்கிட்டு இருக்காகன்னு அர்த்தம். ஒரே ஆளு நம்பர் நம்பரா வாசிச்சா ஷரத்து ஷரத்தா ஓட்டுக்கு விடுறாக. மொதல்ல ஆமாங்கிறவுக சத்தம் போடணும், பெறகு இல்லைங்கிறவுக." அங்கே சிரித்தால் இவரும் சிரிக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "என்னமோ சொல்லிருப்பாக" என்று செடிக்குள் குனிந்துவிட்டார்.

வயது ஐம்பது, ஊர் மலைக்குக் கீழே தமிழ்நாட்டு ராயப்பன்பட்டி. இருபது வருடமாக விடியுமுன் ஜீப் ஏறி, பொழுது சாய இறங்குகிறவர். ஏலக்காய்க் கறையில் பத்து விரலும் கறுத்திருக்கின்றன.

இந்தப் பைத்தியம் சும்மா பிடிக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில் ஜீப் வளைவில் சறுக்கிக் கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஜெபஷீலாவுக்கு இடுப்பு எலும்பு நொறுங்கியது. உதவித்தொகை கேட்டு மலைமேல் கேரள அலுவலகத்துக்குப் போனால், நீங்கள் இங்கே குடியிருப்பவர் இல்லையே என்றார்கள். கீழே தமிழ்நாட்டில் வந்து கேட்டால், உங்கள் வேலை அங்கேதானே என்றார்கள். "ரெண்டு பக்கமும் தப்பா ஒண்ணும் சொல்லல சார். சட்டத்துல அப்படித்தான் இருக்கு. அப்பச் சட்டத்தத்தான போயிப் பாக்கணும்?"

போய்ப் பார்த்தார். வெளிமாநிலத்தில் வேலை செய்பவர்களுக்கான மசோதா ஒன்றை நாடாளுமன்றக் குழு ஆராய்கிறது, பதினைந்து நாளுக்குள் யாரும் கருத்து எழுதலாம் என்று உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் உசேன் சொல்லியிருக்கிறார். அவரை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டபோது இரண்டாவது ஷரத்தில் விஷயம் அகப்பட்டது. யாருக்கெல்லாம் இந்தச் சட்டம் என்று சொல்லும் இடம் அது. வெளிமாநிலத்தில் 'தங்கி' வேலை செய்பவர் என்று இருந்தது. "நாங்க எங்கன தங்குறோம்? சாயங்காலம் வந்து ஒல வைக்கணும்ல?"

'அல்லது நாள்தோறும் போய்த் திரும்புகிறவர்' என்று சேர்க்கச் சொல்லி ஜீப்பில் போகிற பெண்கள் ஒரே ஒரு பக்கம் எழுதினார்கள். உசேன் அதை இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தார். முதல் கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் வாங்கியது ஓடும் ஜீப்பில். கொண்டை ஊசி வளைவுகளில் போட்டதால் எல்லாப் பெயரும் கோணல். அதை டெல்லியில் யார் படிக்கப்போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். குழுவின் அறிக்கை வந்தபோது அந்த வார்த்தைகள் அதில் இருந்தன. இதையே வேறு பலரும் எழுதியிருக்கலாமே என்று கிண்டிப் பார்த்தேன். "எழுதியிருக்கட்டும். நம்மளுதும் அதுல ஒண்ணு."

அதிலிருந்து ஊரில் இவரை வைத்துக்கொண்டு எதையும் சட்டென்று முடிவு செய்ய முடிவதில்லை. திருவிழா விருந்து பற்றிப் பேச மகளிர் குழு கூடியது. சாதம் தனி, கறி தனி, பாயசம் தனி என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சம்மதம் கேட்டார். கத்தரிக்காய்க் கூட்டு தோற்றுப்போனது. பாதிப் பேர் ஆளை விட்டால் போதும் என்று எழுந்துவிட்டார்கள்.

போன வாரம் மக்களவையில் அந்த வார்த்தைகளோடு மசோதா நிறைவேறியது. ஜீப் ஓட்டும் ஹக்கீம் ஜிலேபி வாங்கி வந்தார். இன்னாசியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே ஹக்கீமு, ஒரு சபைதானடா முடிஞ்சிருக்கு? மேல்சபை ஒத்துக்கிடணும். அவுக ஒரு எழுத்த மாத்துனாலும் திரும்பக் கீழ வரணும். பெறகு ஜனாதிபதி கையெழுத்து, கெஜட்டு. என்னைக்கிருந்து நடப்புன்னு தேதி வேற போடணும். காயி ஒரே எடுப்புலயா வருது? முத்துனத எடுத்துட்டு, பிஞ்ச விட்டுட்டு வந்து, நாப்பது நாளு கழிச்சுத் திரும்பப் போறோம்ல?"

திட்டி முடித்துவிட்டு ஜிலேபியில் இரண்டைத் தின்றார்.

ஜெபஷீலாவின் வீட்டுக்கும் அழைத்துப் போனார். அங்கே கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டேன். இந்தச் சட்டம் பழைய விபத்துக்குச் செல்லுமா?

இன்னாசியம்மாள் தரையைப் பார்த்தார். "தேதிக்குப் பெறகு விழுந்தவுகளுக்குத்தான்."

கட்டிலில் சாய்ந்திருந்த ஜெபஷீலா சிரித்தார். "அது தெரிஞ்சுதான் சார் அந்தக் காயிதத்துல மொத கையெழுத்து இந்தக் கட்டில்ல கெடந்தே நான் போட்டேன். இவ இன்னமும் அதே ஜீப்புலதான போறா?" கையிலிருந்த காபி நன்றாக இருக்கிறது என்று என்னவோ உளறினேன்.

இன்று மாநிலங்களவையின் முறை. தூறல் விழுகிறது. இயர்போனின் இன்னொரு முனையை எனக்குத் தந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே செடியடியில் குந்தியிருக்கிறோம். கூப்பாடு அடங்கி, ஒரே குரல் நம்பர் வாசிக்கத் தொடங்கியது. இன்னாசியம்மாளின் விரல்கள் காய்ச்சரத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டன. இரண்டாவது ஷரத்து. ஆதரிப்பவர்கள் என்று கேட்டதும் காதை அடைக்கும் சத்தம். அடுத்து, எதிர்ப்பவர்கள்?

அந்த நேரம் பார்த்து மேட்டிலிருந்து சூப்பர்வைசர், வேலை முடிந்ததா என்று மலையாளத்தில் குரல் கொடுத்தார். "இன்னாசி சேச்சீ, கழிஞ்ஞோ?"

காதுக்குள் எதிர்த்து ஒரு சத்தமும் இல்லை. இங்கே பேசினால் அங்கே எதிர்ப்பில் சேர்ந்துவிடும் என்பதுபோல், இன்னாசியம்மாள் மூச்சை அடக்கி, கறுத்த கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார்.