சட்டிக்குப் போன பூசணிக்காய்

அந்த வீட்டில் காய்கறி இரண்டு வகை: சமைக்கிற காய், வரைகிற காய். சமையலறைக் கூடையில் இருந்தால் முதல் வகை. பின்னறை ஜன்னலோர மேசையில் இருந்தால் இரண்டாம் வகை. அழுகினாலும் அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஓவியரின் மனைவிக்கு இது கல்யாணமான புதிதிலேயே பழகிவிட்டது. அவளுடைய அம்மாவுக்கு, அதாவது ஓவியரின் மாமியாருக்குத்தான் யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஓவியர் முதலில் பெயிண்ட் கடையில் வேலை பார்த்தவர். ஒரு துண்டுத் துணியைக் காட்டினால் போதும், அதே நிறத்தை டப்பாவில் கலந்து கொடுத்துவிடுவார். கடையில் பெயிண்ட் கலக்குகிறவருக்கா பெண்ணைக் கொடுப்பது என்று மாமியாருக்கு அப்போதே மனத்தாங்கல். பிறகு அந்த வேலையையும் விட்டுவிட்டு அவர் எண்ணெய் ஓவியம் வரைய வீட்டோடு உட்கார்ந்தபோது, மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதையாயிற்று. மாமியார் சண்டை போடவில்லை. மாப்பிள்ளையோடு நேரில் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அவர் எதிரிலேயே நின்றாலும், மாப்பிள்ளைக்கு டீ வேண்டுமா என்று மகளிடம்தான் கேட்பார். ஓவியரும் லேசுப்பட்டவரில்லை, முதலில் அத்தைக்குக் கொடு என்று மனைவியிடமே பதில் சொல்வார். மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வரும் அந்த மனைவிக்கு வீட்டில் தபால்காரர் உத்தியோகம்.

மாமியார் இந்த முறை வந்தது கண்புரை அறுவை சிகிச்சைக்காக. வலது கண் முடிந்து, கட்டும் பிரித்தாயிற்று. இடது கண்ணுக்குச் சில வாரம் பொறுக்க வேண்டும். ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவருக்கோ சும்மா இருப்பதென்றால் உடம்பே நோகும்.

பின்னறையில் வடக்கு பார்த்த ஒரு ஜன்னல். வெயில் நேராக விழாது. காலை முதல் மாலை வரை ஒரே நிதானமான வெளிச்சம். சட்டத்தில் இழுத்து ஆணியடித்த கித்தான் துணிக்கு ஓவியரே வெள்ளைப் பூச்சு பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசுவார். வண்ணத்தில் முதல் பூச்சை டர்பன்டைன் கலந்து தண்ணீர்போல விடுவார். மேலே போகப் போகத்தான் ஆளிவிதை எண்ணெய் கூடும். கீழே எண்ணெய் மிஞ்சினால் மேல்பூச்சு வெடித்துவிடும். தூரிகை துடைக்கிற பழைய சட்டைத் துணிகளைத் தண்ணீர் வாளியில்தான் போடுவார். எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறிந்தால் தானே சூடாகித் தீப்பிடிக்கும். மிச்ச வண்ணங்களோடு கலவைப் பலகை ஒரு டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில், ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு தடவை மனைவி அதைக் கேக் என்று நினைத்துத் திறந்து ஏமாந்திருக்கிறாள்.

அந்த மாதம் ஓவியர் ஒரு மஞ்சள் பூசணிக்காயை வரைந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் அமுங்கி, ஒருக்களித்துப் படுத்தவன் மாதிரி இருக்கும். முதல் பூச்சுகள் முடிந்து, காய்வதற்காக ஒரு வாரம் விட்டிருந்தார். அந்த வாரத்தில் ஒரு நாள் சட்டம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்ப் பசியோடு திரும்பினார். சாப்பாடு பிரமாதம். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறதென்று அத்தையிடம் சொல்லச் சொன்னார். கை கழுவிவிட்டுப் பின்னறைக்குப் போனால் மேசை காலி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைத்தது மட்டுமில்லை, அவரே அதைத் தின்றும் முடித்திருந்தார்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியாருக்கு விஷயம் புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. காய் கூடையில் தீர்ந்து போயிருந்தது, இது வாடப் போகிறதே என்று எடுத்தேன் என்று மகளிடம் சொன்னார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகவே சந்தைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு பூசணி. நேரே பின்னறைக்கு நடந்தார். காய் எடுக்க நுழைந்ததை விட்டால், அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

பூசணியை மேசையில் வைத்தார். படத்தைப் பார்த்தார். காயை இப்படியும் அப்படியும் திருப்பினார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது அது இல்ல மாப்பிள்ளை. அதுக்கு முகமே வேற."

நேராகத் தன்னிடம்தான் பேசுகிறாரா என்று ஓவியர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். மனைவி அங்கே இல்லை. பரவாயில்லை அத்தை, உருவம் ஏற்கெனவே வந்துவிட்டது, இனி நிறம்தான் பாக்கி என்றார். மாமியார் இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார், பிறகு வலது கண்ணை மூடினார்.

"என்ன அத்தை, உறுத்துதா?"

"இல்ல. புதுக் கண்ணுக்கு இது பளீர்னு இருக்கு. பழைய கண்ணுக்கு டீ ஊத்தின மாதிரி இருக்கு. எது நிஜம்?"

ஓவியருக்குக் கை பரபரத்தது. பெயிண்ட் கடையில் ஆயிரம் பேருக்கு நிறம் கலந்திருக்கிறார். ஒரே ஆளுக்கு இரண்டு நிறம் கலந்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அத்தையை உட்கார வைத்தார். கத்தி நுனியால் ஆரஞ்சை எடுத்துக் கொஞ்சம் மஞ்சளோடு குழைத்துக் காட்டினார். இன்னும் வெளிச்சமாக வேண்டும் என்றார் மாமியார். அடுத்து வலது கண்ணை மூடச் சொல்லி, பழுப்பைச் சேர்த்துக்கொண்டே போனார். போதும், போதும், அதேதான் என்று மாமியார் கையைத் தட்டினார். மனைவி வந்து எட்டிப் பார்த்தபோது, ஆளுக்கொரு கண்ணை மூடிக்கொண்டு இருவரும் பூசணியை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னல் பக்கம் விழுந்த வெளிச்சத்துக்குப் புதுக் கண்ணின் நிறத்தை வைத்தார். நிழல் பக்கத்துக்குப் பழைய கண்ணின் பழுப்பை நிறைய எண்ணெயில் கரைத்து, கண்ணாடிபோல மெலிதாக ஓட்டினார். காய் உருண்டு எழுந்தது. தான் வரைந்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று அவருக்கே தோன்றியது. மாமியார் தினமும் வந்து உட்கார்ந்தார். இடது கண்ணுக்கும் அறுவை முடிந்த பிறகு, பழைய நிறம் இனி எனக்குத் தெரியாதே என்று படத்தின் நிழல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது, அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். மாப்பிள்ளையிடமே கேட்டார்.

மேல்பூச்சு இன்னும் ஈரம். வண்ணத்தில் எதுவும் படாதபடி, நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்து மேலே ஓர் அட்டையைக் கட்டிக் கொடுத்தார் ஓவியர். பஸ்ஸில் மாமியார் பக்கத்து இருக்கையில் யாரையும் உட்கார விடாமல் மடியில் வைத்தே கொண்டுபோனாராம். மறுநாள் போன் வந்தது. மனைவி எடுத்தாள், உன்கிட்ட இல்லை, மாப்பிள்ளைகிட்ட குடு என்று உத்தரவு.

"மாப்பிள்ளை, படத்துல ஒரு ஈ ஒட்டிக்கிச்சு. எடுக்கவா, விடவா?"

"தொடாதீங்க அத்தை. காயட்டும். அப்புறம் தட்டினா தானா விழுந்துடும்."

"பாவம், அதுவும் நிஜப் பூசணின்னு நினைச்சிருக்கு" என்றார் மாமியார். அதற்குப் பிறகும் அவர்கள் பேச்சு நெடுநேரம் ஓடியது. மனைவி டீயை ஆற்றித் தனியாகக் குடித்து முடித்தாள்.