ஹசிந்தாவின் முப்பதாவது பெயர்

ஹசிந்தா ஒல்மேதோ வாகன நிறுத்துமிடத்தைக் குறுக்கே கடந்துகொண்டிருக்கிறார். காலையிலிருந்து இது நான்காவது நடை. இடது காதில் பச்சைப் பென்சில், வலது காதில் ஆரஞ்சுப் பென்சில், கக்கத்தில் சுருட்டிய பட்டியல். எதிரே ரிவர்ஸில் வரும் காருக்காக அவர் நிற்பதில்லை. கார்தான் நிற்கிறது.

எங்கள் சான் ரெமிகியோ பள்ளி மாவட்ட அலுவலகத்தில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் கணக்கு பெரிய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. உடற்குறையோ கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளைகளின் கணக்கு, நிறுத்துமிடத்துக்கு அந்தப் பக்கம் உள்ள தகரக் கொட்டகையில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. அவற்றின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களும் பேசுவதில்லை. ஏதோ ஒரு பிறந்தநாள் விருந்தில் யாரையோ கூப்பிடாமல் விட்ட பழைய சங்கதி. ஆகவே இந்த இரண்டு கணக்கையும் சேர்க்கிற கம்பி, அறுபத்தொரு வயது ஹசிந்தாதான்.

ஆங்கிலம் கற்கிற பிள்ளையின் பெயருக்குக் கீழே பச்சைக் கோடு. குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஆரஞ்சு. இரண்டும் உள்ள பிள்ளைக்கு இரண்டு கோடும். அவர்களை ஹசிந்தா 'ரெட்டைக் கோடு' என்பார். அந்த அலுவலகத்தில் அவர்களைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரே ஆள் அவர்தான் என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

“மாடியில இருக்கறவ சொல்லுவா, ‘பய பேசாததுக்குக் காரணம் அவனுக்குக் காது கேக்கல, அது கொட்டகைக் கணக்கு’ன்னு. கொட்டகையில இருக்கறவன் சொல்லுவான், ‘அவனுக்கு இங்கிலீஷ் தெரியல, அது மாடிக் கணக்கு’ன்னு. அந்தப் பய ரெண்டுக்கும் நடுவுல பார்க்கிங்லயே நிக்கிறான்.” இதைப் புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுவார். நான் ஒன்பது வருடத்துக்கு முன் பதிவு மேசைக்கு வந்த முதல் நாளே கேட்டுவிட்டேன்.

ஆள் ஐந்தடிக்கும் குறைவு. தேவாலயத்துக்குப் போகிற மாதிரி உடை, காலில் மட்டும் ஓட்டக்காரர்களின் வெள்ளை ஷூ. கழுத்துச் சங்கிலியில் ஒரு கண்ணாடி, தலைக்கு மேலே ஒரு கண்ணாடி. படிக்கும்போது இரண்டையும் போடாமல் கண்ணைச் சுருக்கிக்கொள்வார். காகிதத்தில் அச்சான எதையும் நேரில் பார்க்காமல் நம்பமாட்டார். ஆகவே பிள்ளைகளை எண்ணும் அக்டோபர் மாதத்தில் பள்ளிப் பள்ளியாகப் போய் மதியச் சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் நின்று, பால் பெட்டிகளின் தேதியைச் சரிபார்க்கிற பாவனையில் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்ப்பார். மாவட்டத்தின் பிள்ளைகள் அவரைப் பால் இன்ஸ்பெக்டர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வகுப்பு அவருக்கு நன்றிக் கடிதம்கூட எழுதியது. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

பிள்ளையைச் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு படிவம் நிரப்பவேண்டும். நாலு கேள்வி. நாலுக்கும் 'இங்கிலீஷ்' என்று எழுதிவிட்டால் பிள்ளையைத் தனியாக உட்காரவைக்க மாட்டார்கள் என்று துணி துவைக்கும் கடையில் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுப்பாள். அப்படி எழுதின ஒரு வீட்டுக்கு ஹசிந்தா ஆங்கிலத்தில் போன் போட்டு, உங்கள் வீட்டுக்கு எப்படி வருவது என்று கேட்டார். போன் ஏழு கை மாறி, கடைசியில் எட்டு வயதுப் பெண் ஒருத்தியிடம் வந்து நின்றது. அவள்தான் அந்த வீட்டின் வெளியுறவு மந்திரி. அன்று மாலை அந்தப் பெயருக்குக் கீழே பச்சைக் கோடு விழுந்தது.

அவருக்கு வாய்த்த எதிராளி, ஆல்மண்ட் அவென்யூ தொடக்கப்பள்ளியின் பிரின்சிபல் கர்ட் டால்பெர்க். கெட்டவர் இல்லை. எண்களுக்குப் பயப்படுகிறவர். எங்கள் மாவட்டத்து விதிப்படி ஒரு பள்ளியில் ரெட்டைக் கோட்டுப் பிள்ளைகள் முப்பது பேர் இருந்தால், அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று தனியாக அறிக்கை கொடுக்கவேண்டும். கூடவே அவர்களுக்கென்று ஓர் ஆசிரியரும் வருவார். இருபத்தொன்பது என்றால் அறிக்கையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. டால்பெர்க்கின் பள்ளியில் மூன்று வருடமாக இருபத்தொன்பதுதான். பிள்ளைகள் வருகிறார்கள், போகிறார்கள், எண் மட்டும் அசையவில்லை. புதிதாக ஒரு பிள்ளைக்குக் காகிதம் தயாரானால், அக்டோபரில் எண்ணும் நாள் தாண்டுகிறவரை அது யாருடைய கையெழுத்துக்காகவோ காத்துக்கொண்டிருக்கும். ஹசிந்தாவுக்கு இது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது டால்பெர்க்குக்கும் தெரியும். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் குட்மார்னிங் சொல்லமாட்டார் ஹசிந்தா. “முப்பது வந்துச்சா?” என்றுதான் கேட்பார்.

போன அக்டோபரில் வந்தது.

பெயர் நயேலி. ஏழு வயது. கடற்கரைப் பக்கத்து ஸ்ட்ராபெரி வயலிலிருந்து ஆகஸ்டில் குடிவந்த குடும்பம். பச்சைக் கோடு ஏற்கெனவே இருந்தது. வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை எழுதியிருந்தார். பள்ளி மனநல நிபுணர் படங்களைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார், பதில் இல்லை. ஸ்பானிஷில் கேட்டார், அதற்கும் இல்லை. அறிவு வளர்ச்சியில் பெரிய குறைபாடு, தாழ்வாரக் கடைசியில் இருக்கிற தனி வகுப்புக்கு மாற்றவேண்டும் என்று அறிக்கை தயாரானது. அந்த வகுப்பு தேவைப்படுகிற பிள்ளைக்கு அது நல்ல இடம். ஆனால் உள்ளே போன பிள்ளை பெரும்பாலும் பள்ளிப் படிப்பு முடிகிறவரை அங்கேதான். தாய் வந்து கையெழுத்துப் போடவேண்டிய கூட்டம் செவ்வாய்க்கிழமை. எண்ணும் நாள் புதன்.

கூட்டம் நடக்கும் அறைக்கு வெள்ளையடிப்பதால் வெள்ளிக்கிழமைக்கு மாற்றியிருப்பதாக டால்பெர்க் மெயில் அனுப்பினார். ஹசிந்தா காரை எடுத்துக்கொண்டு போய், அந்த அறையின் நாலு சுவரையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, 'காய்ந்துவிட்டது' என்று ஒரு சீட்டு எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தார். கூட்டம் மறுபடி செவ்வாய்க்கு வந்தது. நயேலியின் பெயருக்குக் கீழே ஆரஞ்சுக் கோட்டையும் ஹசிந்தா முன்கூட்டியே போட்டுவிட்டார். அன்று முழுக்க அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை, தாய் கட்டாயம் வரவேண்டுமே என்று போன் போட்டார். ஸ்பானிஷில்தான் பேசினார். ஸ்பீக்கரைப் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

நாளைக்கு மூன்று மணிக்கு வருவீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றது அந்தப் பக்கம். பெண் வீட்டில் நன்றாகப் பேசுவாளா? ஆமாம். பேசுவதே இல்லையா? அதற்கும் ஆமாம். ஹசிந்தா காதிலிருந்து ஒரு பென்சிலை உருவினார்.

“வீட்டுல நீங்க எல்லாரும் சீன மொழிதான் பேசுவீங்களோ?”

“ஆமாங்கம்மா. ரொம்ப நன்றிங்கம்மா.”

நான் சிரித்துவிட்டேன். ஹசிந்தா சிரிக்கவில்லை. போனை மெதுவாக வைத்தார். “மேலங்கிய எடு எலிசேயோ” என்றார்.

பள்ளி விடும் நேரத்துக்கு ஆல்மண்ட் அவென்யூ வாசலில் போய் நின்றோம். நயேலியின் தாய் ஒப்தூலியா, திராட்சை பெட்டிபோடும் கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தார். தலையில் வலைத் தொப்பிகூடக் கழற்றவில்லை. பிள்ளைகள் வந்தார்கள். வகுப்பில் வாய் திறக்காத நயேலி, பத்தடி தூரத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டாள். மூச்சு விடாமல் பேசினாள். கையை ஆட்டினாள். பையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து யாரோ ஓர் ஆசிரியை மாதிரி நடந்து காட்டினாள். ஒப்தூலியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்களுக்கு இரண்டடி பின்னால் ஹசிந்தா அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

“உனக்கு ஒரு வார்த்தையாவது புரியுதா?” என்று என்னிடம் கேட்டார்.

புரியவில்லை. ஆனால் என்ன மொழி என்று தெரிந்தது. மெக்சிகோவின் வஹாகா மலைக்காரர்களின் மிஸ்தெக்கோ. எங்கள் ஊர்த் திராட்சைக் கொட்டகைகளில் பாதிப் பேர் அதைத்தான் பேசுகிறார்கள். ஒப்தூலியாவுக்கு ஸ்பானிஷில் வணக்கம், நன்றி, ஆமாம், அவ்வளவுதான். அந்த மலைக்காரப் பெண்கள் அலுவலகத்தில் யார் எது கேட்டாலும் ஆமாம் என்பார்கள், அதுதான் மரியாதை.

திரும்பும் வழியில் காரில் ஹசிந்தா முதல் முறையாக ஒரு விஷயம் சொன்னார். “என்னையும் அந்த மாதிரி வகுப்புல வச்சிருந்தாங்க. ரெண்டு வருஷம். நான் பேசலையாம். ஒரு லெட்டர்கூடச் சொல்லித் தரல. களிமண்ணுல பாம்பு பண்ணினேன். இப்பவும் பிரமாதமாப் பண்ணுவேன்.” பிறகு கேட்டார், “அந்தப் புள்ளையோட படிவத்துல ஸ்பானிஷ்னு போட்டது யாரு?”

நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்தவர்களுக்கு நாங்கள் கேட்பதே இல்லை. ஸ்பானிஷ்தானே என்போம், ஆமாம் என்பார்கள். நான் இன்னும் கெட்டிக்காரன். கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு கட்டையை அழுத்தினால் நாலு கேள்விக்கும் ஸ்பானிஷ் என்று தானாக விழுகிற மாதிரி செய்துவைத்திருந்தேன். அதற்காக இரண்டு வருடத்துக்கு முன் மேலதிகாரியிடம் பாராட்டும் வாங்கினேன். மிஸ்தெக்கோவுக்கும் பட்டியலில் இடம் உண்டு. அவ்வளவு கீழே யாரும் இறங்கிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஹசிந்தா திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் காரை மறுபடி பள்ளிக்கே திருப்பி, நேராக டால்பெர்க்கின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

கூட்டத்தைத் தள்ளிவைக்கவேண்டும் என்று அவர் கேட்டதும் டால்பெர்க் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தப் பக்கத்திலிருந்து அடி விழப்போகிறது என்று பார்க்கிறவர் மாதிரி என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

“சுவர் காஞ்சிருச்சுன்னு நீங்கதானே எழுதினீங்க, ஹசிந்தா அம்மா?”

“மறுபடி ஈரமாயிருச்சு.”

“இதுல எனக்கு என்ன பொறி வச்சிருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணுக்கு அவ பாஷையில பரீட்சை வைக்கணும். ஆள் கிடைக்க ரெண்டு வாரம் ஆகும். நாளைக்கு அவங்கம்மாவ உக்காரவச்சு எங்க காட்டினாலும் கையெழுத்துப் போட்டுருவாங்க.”

டால்பெர்க் காலண்டரை எடுத்துப் புதன்கிழமையைப் பார்த்தார். தான் விரும்பியதே கிடைக்கும்போது மனிதனுக்கு வருகிற சந்தேகம் வேறெதற்கும் வருவதில்லை. கடைசியில் எழுத்தில் கொடுங்கள் என்றார். கொடுத்தார் ஹசிந்தா. மூன்று வருடமாக அவர் துரத்திய முப்பதாவது பெயரிலிருந்து அவர் கையாலேயே ஆரஞ்சுக் கோட்டை அழித்தார். அழிக்கும்போது காகிதம் கிழிந்தது.

புதன்கிழமை எண்ணிக்கை மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குப் போனது. ஆல்மண்ட் அவென்யூ, இருபத்தொன்பது. டால்பெர்க் எங்கள் அலுவலகத்துக்கே வந்து, நல்ல எண் என்றார்.

“நல்ல எண்ணுதான். இந்த வருஷம் நெஜமான எண்ணும்கூட” என்றார் ஹசிந்தா. டால்பெர்க் அதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி சிரித்துவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்துக் கடற்கரை ஊரிலிருந்து மிஸ்தெக்கோ பேசும் பெண் ஒருவர் வந்தார். அதே நிபுணர், அதே படங்கள். திராட்சைக் குலைப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டதும், இதை யார் பறித்தது, இன்னும் பத்து நாள் கொடியில் விட்டிருக்கவேண்டும் என்றாள் நயேலி. பிறகு ஒன்றரை மணி நேரம் அவளை நிறுத்தமுடியவில்லை. நிபுணர் தன் அறிக்கையைத் தானே கிழித்தார். அந்த மனிதர்மேல் எனக்கு அன்று மரியாதை வந்தது. நயேலி இப்போதும் இரண்டாம் வகுப்பில், பச்சைக் கோட்டோடு, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். வாரம் இரண்டு நாள் மொழிபெயர்ப்பாளரும் வருகிறார்.

அந்தப் பரீட்சை நடந்த மறுநாள் காலை ஹசிந்தா என் மேசைக்கு வந்தார். எதிரே ஓர் அப்பாவும் அம்மாவும் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு பதிவுக்கு நின்றிருந்தார்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நான் சங்கடத்தோடு எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து, என் கீபோர்டின் மேல் வரிசையில் ஸ்பானிஷ் போடுகிற அந்த ஒரு கட்டைக்கு அடியில் நுழைத்து, டக்கென்று நெம்பி எடுத்தார். ஊதித் தூசி தட்டி ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என் நாற்காலியை இழுத்து மேசைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், அந்த அம்மாவை உட்காரச் சொன்னார்.