மருதமுத்து அண்ணன் சாயம் பூசிய ஆஸ்டின்

காஜா பேராங்கில் எங்கள் வரிசையில் மொத்தம் ஒன்பது வீடு. ஒன்பதிலும் காக்கிச் சட்டையைத் தினமும் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு உடுத்தியவர் ஒரே ஒருவர்தான், மருதமுத்து அண்ணன். பட்டணத்து ரப்பர் கம்பெனி ஒன்றில் வெள்ளைக்கார மேனேஜருக்குக் கார் ஓட்டினார். அவர் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. பெயர் கமலவேணி, தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வரிசையில் எல்லாரும் சொல்வார்கள். அந்த வாய் திறந்திருக்க வேண்டிய ஒரு நாளில் மூடிக்கொண்டிருந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அண்ணன் தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் ரப்பர் பால் ஏற்றும் லாரியில் கிளீனராக ஏறியவர், ஜப்பான்காரன் காலத்தில் லாரி ஓட்டி, ஆள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். சண்டை முடிந்ததும் கம்பெனியில் சேர்ந்தார். துரைக்குக் கறுப்பு ஆஸ்டின் கார் வந்த நாளிலிருந்து அவருக்கு வேறு பேச்சே கிடையாது. பெற்ற பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் காரைப் பற்றித்தான் காலையும் மாலையும் பேச்சு நடக்கும். ருக்மணி அண்ணி தலையில் அடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஐம்பத்தேழில் அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண்ணிலும் இறங்க ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். ஆனால் கம்பெனி டாக்டரிடம் காட்டினால் அவர் ஆபீசுக்குக் கடிதம் எழுதுவார், ஆபீஸ் சாவியை வாங்கிக்கொள்ளும். அண்ணனுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. அதனால் கண் விஷயத்தை அண்ணியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரு வியாழக்கிழமை. டவுனில் துணி வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். அண்ணன் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். காஜா பேராங் சாலையில் திரும்பும்போது எதிரே ஒரு மலாய்க்காரர் சைக்கிளில் வந்தார். பின்னால் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கார் நேராக அவர்கள் மேல் போகிறது.

"அண்ணே! சைக்கிள்ணே!"

பிரேக் போட்டார். சைக்கிள்காரர் சாக்கடையோரம் இறங்கி எங்களைத் திட்டிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது.

"என்னாண்ணே இது? கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் அழ ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய மனிதர் அழுது நான் பார்த்ததில்லை.

"வேணி, ஒரு ரெண்டு மாசம் வாயத் திறக்காத லா. தொர நாளைக்குக் கப்பல் ஏறுறாரு. புதுசா ஒரு தமிழாளு வர்றாரு, ராஜரத்தினம்னு. காரு அவருக்குத்தான். டிரைவர வச்சிக்கிறதும் அனுப்புறதும் அவரு இஷ்டம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. சனிக்கெழம பதினோரு மணிக்கு இங்கயே வந்து காரையும் பாத்து என்னையும் பாக்குறாராம். அவரு சரின்னு ஒரு வார்த்த சொல்லட்டும். வேல நெலச்சதும் லீவு கேட்டுக் கண்ணக் காட்டிடுறேன். சத்தியமா."

சத்தியம் என்றால் என் தலையில் கைவைத்துச் சத்தியம். சைக்கிளில் இருந்த குழந்தை கண்ணை விட்டுப் போகவே இல்லை. ஆனாலும் சரி என்றேன்.

காரின் வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது, அவர் துடைக்கும் துடைப்புக்கு அது மங்கவே மங்காது. உள்ளேதான் அலங்கோலம். துரைக்கு நாய் வளர்க்கும் ஆசை. சீட்டெல்லாம் கிழிசல், டேஷ்போர்டிலும் கண்ணாடிச் சட்டங்களிலும் சாயம் உரிந்து தகரம் தெரிந்தது. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தால் சாயம் பூசித் தந்திருப்பார்கள். அண்ணனுக்கு ஒர்க்‌ஷாப் பக்கம் போகவே பயம். போன மாதம் பெட்ரோல் முள்ளைப் பார்க்க மூக்கை டேஷ்போர்டில் இடிக்கும் அளவுக்குக் குனிந்ததை ஃபோர்மன் கவனித்துவிட்டு, "என்ன மருதமுத்து, முத்தம் குடுக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார். அதனால் வீட்டிலேயே நானே பூசிக்கொள்கிறேன் என்று துரையிடம் கேட்டுக் காரைக் கொண்டுவந்துவிட்டார்.

பழைய டேஷ்போர்டு சாம்பல் நிறம். அதே சாம்பல் சாயத்தை ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி ஒரு பால்மாவு டின்னில் ஊற்றிக் கொடுத்திருந்தார். சீட் உறை தைப்பது என் வேலை. ஓரத்துக்கு அந்தச் சாயத்துக்குப் பொருத்தமாகத் துணி வைக்க வேண்டும் என்று டின்னை என்னிடம் கொடுத்திருந்தார் அண்ணன். நான் அதைப் பின்கட்டில் மரப்பலகை மேல் வைத்தேன். பக்கத்தில் இன்னொரு பால்மாவு டின் இருந்தது. மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு எங்கள் வரிசைக்காரர்கள் காசு சேர்த்துத் தெருமுனையில் வளைவு கட்டினோம். கொடியின் நாலு நிறமும் பூசினோம். மிச்சச் சாயங்களைக் கொடி தைத்தவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். சிவப்பையும் மஞ்சளையும் வெள்ளையையும் கதவுக்கும் வேலிக்கும் என்று ஆளாளுக்குக் கொண்டு போனார்கள். நீலம் மட்டும் அப்படியே இருந்தது. டின்மேல் ஒரு பெயர் எழுதி வைக்க எனக்குத் தோன்றவில்லை. இரண்டு டின்னும் ஒரே மாதிரி, திறந்து பார்த்தால் தெரியப் போகிறது என்றுதான் இருந்தேன். யாருக்குத்தான் தெரியாது, நீலமும் சாம்பலும்!

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் நூல் வாங்க பாசாருக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில் அண்ணன் பின்பக்கமாக வந்து, டின் ஒன்றைத் திறந்து பார்த்து எடுத்துப் போயிருக்கிறார். நான் வரும்போது கார் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடிகளில் கஞ்சிப் பசையால் நியூஸ் பேப்பர் ஒட்டி எல்லாம் தயாராக வைத்திருந்தார். நான் கிட்டே போனேன்.

"கதவத் தொறக்காத! தூசி வந்து ஒட்டிக்கும்."

"எப்படிண்ணே வருது?"

"சும்மா கண்ணாடி மாதிரி வருது போ."

சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் உறை தைக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உறைகளை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். தார்ப்பாயை விலக்கிக் கதவைத் திறந்தேன்.

டேஷ்போர்டு முழுக்க நீலம். கண்ணாடிச் சட்டம் நாலும் நீலம். வளைவில் நாங்கள் பூசிய அதே அடர்ந்த நீலம். பூசிய வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு சொட்டு வழியவில்லை, ஓரம் கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தது. விரலால் தடவித் தடவித்தான் பூசியிருக்க வேண்டும், கண்ணால் பார்த்துப் பூசியவர் நீலத்தைப் பூசியிருக்க மாட்டார். அதுவரை அவருக்கு ஏதோ கொஞ்சம் மங்கல் என்றுதான் நினைத்திருந்தேன். நிறமே போய்விட்டது என்று அந்தக் கதவருகே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அடுக்களைக்கு ஓடினேன். அண்ணி அடுப்பின் முன்னால் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே, "நானும் விடியக்காலைல பாத்துட்டேன்" என்றார்.

"அவர்கிட்ட சொல்லலையா?"

"என்னான்னு சொல்லச் சொல்ற? நீங்க குருடாயிட்டீங்கன்னா?"

"சாம்பல் டின் வீட்லதான் இருக்கு. இப்பவே மேல பூசிடலாம் அண்ணி."

"இதே இன்னும் பிசுபிசுன்னு இருக்கு வேணி. மேல பூசினா ரெண்டும் கலந்து அசிங்கமாயிடும். பதினோரு மணிக்கு ஆளு வந்துடுவாரு." அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஈரமாகவும் சூடாகவும் இருந்தது. "பழைய கலரு என்னான்னு புது ஆளுக்குத் தெரியவா போவுது? நீலம்னா நீலம். மெர்டேக்காவுக்குப் பூசுனதுன்னு நெனச்சுக்குவாரு. இவருகிட்ட சொன்னா இந்த நிமிஷமே ஒடஞ்சு போயிடுவாரு. அப்புறம் அந்த ஆளு முன்னாடி நிக்கக்கூட முடியாது. வேல கெடைக்கட்டும். சாயந்தரம் நானே சொல்லிக்கிறேன்."

யோசித்துப் பார்த்தேன், அண்ணி சொன்னதில் தப்பு தெரியவில்லை. பழைய நிறம் தெரிந்த துரை கப்பலில் இருந்தார். கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருந்தால் போதும். நான் திரும்பிப் போய், நீல டேஷ்போர்டுக்குப் பின்னால் சாம்பல் ஓரம் வைத்த உறைகளை மாட்டினேன். அண்ணன் கஞ்சி போட்ட காக்கிச் சட்டையில் வந்து நின்றார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே."

அவ்வளவுதான் சொன்னேன். ஊரில் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசும் கமலவேணி அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள்.

ராஜரத்தினம் சரியாகப் பதினோரு மணிக்கு ஒரு நண்பரின் காரில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும், யாழ்ப்பாணத்துக் குடும்பம், சிரித்த முகம். அண்ணன் குனிந்து வணக்கம் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். வந்தவர் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். நானும் அண்ணியும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"நல்ல வடிவான வேலை. நீங்களே வீட்டில் வைத்துப் பூசினதோ?"

"ஆமாங்கய்யா. ரெண்டு நாளு வேல."

"டிரைவர் வேறு ஆர் வேணும் எனக்கு" என்று சிரித்தார். அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். முடிந்துவிட்டது, வேலை கிடைத்துவிட்டது என்று நானும் நினைத்தேன். அவர் சும்மா பேச்சுக்குத்தான் அடுத்ததைக் கேட்டார். "இந்தக் கலர் ஆர் தெரிந்தெடுத்தது?"

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"தெரிஞ்செடுக்கிறதெல்லாம் இல்லீங்கய்யா. முன்னாடி இருந்த அதே சாம்பல் கலருதான். ஒரு பொட்டு மாறாம பூசியிருக்கேன். வெளிச்சத்துல நல்லாப் பாருங்க."

ராஜரத்தினம் டேஷ்போர்டைப் பார்த்தார். அப்புறம் அண்ணனின் முகத்துக்கு மிக அருகில் வந்து கண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று கேள்வி. சைக்கிளில் போன குழந்தையை நினைத்தால் அந்த மனிதரை நான் எப்படிக் குறை சொல்வது?

"சாவியைத் தாங்கோ, மருதமுத்து. இன்றைக்கு நான் ஓட்டிப் பார்க்கிறேன்" என்று மெதுவாகச் சொல்லிக் கையை நீட்டினார். அண்ணன் சாவியை அந்தக் கைக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினார். அவரே எட்டி வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து கிராணியைப் பாருங்கள், கண் டாக்டருக்கு எழுதித் தரச் சொல்கிறேன் என்றார். ஆஸ்டின் தெருமுனை வளைவைத் தாண்டிப் போய்விட்டது.

அண்ணன் அதே இடத்தில் நின்றார். அண்ணி உள்ளே போய் அழும் சத்தம் கேட்டது.

"வேணி, அது என்னா கலரு?"

"நீலம்ணே. வளைவுக்குப் பூசுன நீலம்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"காலைலயே தெரியும்ணே. அண்ணிக்கும் தெரியும். உங்க மனசு ஒடஞ்சிடும்னு..."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் முகம் இருக்கும் பக்கமாகத் திரும்பிச் சொன்னார்.

"நீ சொல்லியிருந்தா அவருகிட்ட நானும் நீலம்னு சொல்லியிருப்பேனேம்மா."