செம்பருத்திக்கு ஒத்துவராத வானம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது மறதியும் ஜாஸ்தி. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் வாடகைக்குத் தங்கும் ஒரு வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. வாசலை ஒட்டி வரிசையாகச் செம்பருத்தி. சிவப்பு, மஞ்சள், அடுக்குப் பூ எல்லாம் இருந்தது. அந்தச் செடிகள் இருக்கிறவரைக்கும்தான் எனக்கு அங்கே வேலை. அறை பெருக்கித் துடைக்க வேறு ஆள் உண்டு. இந்த முட்டியை வைத்துக்கொண்டு என்னால் குனிய முடியாது.

போன கோடையில் பொழுது சாய்ந்த பிறகும் மலைப் பக்கமிருந்து அனல் அடித்தது. பங்குனி தொடங்கி ஒரு சொட்டு மழை இல்லை. அப்போதுதான் கொழுந்தில் மாவுப்பூச்சி பிடித்தது. பஞ்சைப் பிய்த்து ஒட்டின மாதிரி வெள்ளையாக. இலை சுருண்டது, மொட்டு வைக்கவில்லை.

வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார். “என்னா ஆயா, செடிக்கும் உன்ன மாதிரியே நரைச்சிப் போச்சா?”

“வெயிலுக்கு வர்ற பூச்சிங்கம்மா. ஒரு பெரிய மழ வந்தா கழுவிடும்.”

“அப்போ நீயே போய் மழைய இட்டுகினு வா. கார்த்திகை சீசனுக்குள்ள பூக்கலன்னா புடுங்கிட்டு டைல்ஸ் போட்டுடுவேன்.”

வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து அடித்தேன். பூச்சி மேல் இருந்த மாவு எதையும் ஒட்டவிடவில்லை. இதில் அந்த அம்மா சனிக்கிழமையானால் எறும்புக்கென்று செடி அடியில் ரவையும் சர்க்கரையும் தூவுவார். எறும்பு இருக்கிற செடியை விட்டு மாவுப்பூச்சி போகாது. எறும்பே அதற்குக் காவல். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“எனக்கு வர்ற புண்ணியம் உன் கண்ண உறுத்துதா ஆயா?” என்று சிரித்தார். நான் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனேன்.

வைகாசியில் ஒரு நாள் மழை கொட்டித் தீர்த்தது. காலையில் பார்த்தால் கொழுந்தெல்லாம் பச்சை. கொஞ்ச நாளில் மொட்டும் வைத்தது.

“பரவால்லையே, நெஜமாவே இட்டுகினு வந்துட்டியே!” என்றார் அந்த அம்மா.

ஆடியில் வானம் மூடியே கிடந்தது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. எப்போதாவது தூறல், அது இலையைக்கூடக் கழுவாது. மொட்டுக் காம்பெல்லாம் பேன் மாதிரி ஒரு பச்சைப் பூச்சி மொய்த்தது. கையால் வழித்துப் போட்டால் மறுநாளே திரும்ப அத்தனையும் இருக்கும். மொட்டுகள் விரியாமலே பழுத்து உதிர்ந்தன. வெயில் அடித்தால் ஒன்று, மூடினால் ஒன்று. எதை வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகைக்கு முன்பே ஆள் விட்டு வேரோடு பிடுங்கிவிட்டார்கள். இப்போது அங்கே டைல்ஸ். தங்க வருகிறவர்கள் ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள்.

“வேற எங்கனா சொல்லி வெக்கிறேன் ஆயா” என்றார் அந்த அம்மா. இதுவரை யாரும் கூப்பிடவில்லை. அடி அண்ணாமலைப் பக்கம் நானே நடந்து போய்க் கேட்டேன். அங்கேயும் வாசலெல்லாம் சிமெண்ட். இனிமேல் கேட்பதாகவும் இல்லை.

அந்தப் பெரிய மழை வைகாசியிலா, ஆனி பிறந்த பிறகா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பச்சைப் பூச்சிக்கு என்ன பேர் என்றும் தெரியாது. செடி தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.