இறங்காத கை

மருத்துவமனையின் பின்பக்கத்தில், சமையற்கூடத்தை ஒட்டியிருந்த சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அப்படித்தான். தங்கையும் அங்கேயே வேலை பார்த்ததால் அவள் சின்னவள் ஆனாள், இவள் பெரியவள் ஆனாள். கட்சிக் கிளையின் செயலாளர் ஆனதெல்லாம் அதற்கப்புறம்.

புத்தகம் படித்துக் கட்சிக்கு வந்தவள் அல்ல. வெந்நீர்க் குழாய் வெடித்து ஒரு பெண்ணின் முன்கை வெந்துபோன அன்று, மேற்பார்வையாளர் வந்து, பார்த்து வேலை செய்யக் கூடாதா என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். குழாய் எத்தனை வருடப் பழசு என்று கேட்டவர்கள் கட்சிக்காரர்கள் மட்டும்தான். அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு புதுக் குழாய் வந்தது, கையுறை வந்தது, ஆவி வெளியேறச் சுவரில் விசிறி வந்தது. ஒவ்வொன்றுக்கும் வாசலில் நின்று கத்தியதில் அவள் குரல் நிரந்தரமாகவே கட்டிப்போனது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அமைப்பை விளக்குவது அவள் வேலை. கிளைக்கு மேலே வட்டக் குழு, அதற்கு மேலே மாவட்டக் குழு, அதற்கும் மேலே பார்த்தால் கழுத்துதான் சுளுக்கும் என்பாள். கருத்து கீழேயிருந்து மேலே போகும், முடிவு மேலேயிருந்து கீழே வரும். எந்த உறுப்பினர்மேல் நடவடிக்கை என்றாலும் அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கடைசியாக ஒன்று சொல்வாள்: "உள்ள எவ்வளவு வேணா சண்டை போடு. கை தூக்கி முடிவாயிடுச்சுன்னா, வெளியில எல்லாருக்கும் ஒரே வாய்."

அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர், கட்சியில் இல்லாதவர். கூட்டம் முடிந்து வரும் நாட்களில், இன்றைக்கு வாய்க்கு வேலையா, கைக்கு மட்டும்தானா என்று கேட்பார். அவள் சிரித்துவிட்டுப் போவாள்.

அந்த வருடம் சலவைக்கூடத்தில் ஆட்கள் போதவில்லை. இருக்கிறவர்களையே கூடுதல் நேரம் நிற்க வைத்தார்கள். புதிதாக ஆள் எடுக்கும்வரை யாரும் கூடுதல் நேரம் பார்ப்பதில்லை, நிர்வாகத்திடம் யாரும் தனியாகப் போய்ப் பேசுவதில்லை என்று தொழிற்சங்கத்தில் முடிவானது. கட்சி உறுப்பினர்கள்தான் மற்றவர்களுக்கு முன்மாதிரியாக நிற்க வேண்டும் என்று பெரியக்காவே பேசினாள்.

முதலில் தனியாகப் போனவள் சின்னவள். அவளுடைய மகளுக்கு மூச்சிளைப்பு. இரவு வேலை வரும் வாரங்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மேற்பார்வையாளரின் அறைக்குப் போய், பகல் வேலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் அதை ஊரெல்லாம் சொன்னார். உங்கள் செயலாளரின் தங்கையே வந்து கேட்டாள், கொடுத்தேன், நீங்களும் வாருங்கள் என்றார். ஒவ்வொருத்தியாகப் போனார்கள். போராட்டம் கழற்றிப் போட்ட துணி மாதிரி சுருண்டு கிடந்தது.

சின்னவளும் கட்சி உறுப்பினர் என்பதால் விஷயம் கிளைக்கு வந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் அவள் அக்காவிடம் வந்து, தானே வந்து பேசுவதாகச் சொன்னாள். பெரியக்கா வேண்டாம் என்றாள். அங்கே எல்லோரும் கொதித்துப்போயிருக்கிறார்கள், நீ வந்தால் வார்த்தை தடிக்கும், நீக்கம்வரை போகாமல் கண்டிப்போடு முடித்துவிடுகிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தங்கை அக்காவை நம்பி வீட்டிலேயே இருந்தாள்.

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறையில் கூட்டம். வட்டக் குழுவிலிருந்து வந்திருந்த தோழர் தலைமை தாங்கினார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முடிவுகள் ஏகமனதாக இருந்தால் அவருக்கு அன்றைக்கு நன்றாகச் சாப்பாடு இறங்கும் என்று ஒரு பேச்சு உண்டு. சம்பந்தப்பட்டவர் ஏன் வரவில்லை என்று கேட்டார். உடம்பு சரியில்லாத பிள்ளை, அவளுக்காக நானே சொல்கிறேன் என்றாள் பெரியக்கா.

பெண்கள் பேசினார்கள். ஒருத்தி, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை விட்டுவிட்டு இரவு வேலைக்கு வந்ததைச் சொல்லி அழுதாள். இஸ்திரி இயந்திரம் ஓட்டுகிறவர் மட்டும், ஒரு கண்டிப்பு போதாதா என்று இழுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை. வேறு கருத்து உண்டா என்று தோழர் கேட்கும்போது எழுந்து பேசலாம் என்று பெரியக்கா வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கேட்கவில்லை. உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்குவதை ஆதரிப்பவர்கள் என்றார்.

அவள் கை மேலே போயிற்று. இத்தனை வருடங்களில் அந்த வார்த்தையைக் கேட்டு ஒருமுறைகூட அது கீழே இருந்ததில்லை. தோழர் எண்ணி முடித்து, ஏகமனதாக என்றார்.

முடிவைத் தெரிவிப்பது செயலாளரின் வேலை. நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். பிள்ளை போர்வைக்குள் ஆவி பிடித்துக்கொண்டிருந்தது. பெரியம்மா என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"கண்டிப்புதானே?" என்று கேட்டாள் தங்கை.

"நீக்கிட்டாங்க."

"நீக்கிட்டாங்களா? நீ எங்க போயிருந்தே, கீழ சைக்கிளுக்குக் காத்தடிச்சிட்டிருந்தியா?"

"நானும்தான் தூக்கினேன். வேணும்னு இல்லடி. பழக்கத்துல கை தானாப் போயிடுச்சு."

தங்கைக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. "போகும். எனக்கும் அப்படித்தான் போகும். எதுக்குத் தூக்கறோம்னு தெரியாமலே தூக்கியிருக்கேன்" என்றாள். போர்வையைத் தூக்கிப் பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "எண்ணறதுக்கு நேரம் ஆகியிருக்கும் இல்ல? அப்ப இறக்கியிருக்கலாமே."

தோழர் பேனாவை ஒவ்வொருவர் பக்கமாக நீட்டி எண்ணியது பெரியக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் முன்னால் வந்தபோது பேனா நின்றது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், இறக்குகிறாயா என்று கேட்பதுபோல. இறக்கினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், தங்கை என்றதும் செயலாளர் வழுக்கிவிட்டாள் என்பார்கள் என்று தோன்றியது. கையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினாள். கை தூக்கியதுதான் பழக்கம். நிமிர்த்தியது அவளேதான்.

"நான் செஞ்சது தப்புதான்" என்றாள் தங்கை. "அதை அங்க வந்து என் வாயால சொல்லியிருப்பேன். நீதான் பாத்துக்கறேன்னே."

மறுநாள் முதல் சலவைக்கூடத்தில் பெண்கள், சின்னவளை ஏன் நீக்கினார்கள் என்று கேட்டார்கள். பெரியக்கா காரணம் சொன்னாள். கூட்டாக எடுத்த முடிவை மீறினார், அதனால் கிளை நீக்கியது. இதைச் சொல்லும்போது விரிப்புகள் மடிக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் தங்கை நின்றிருந்தாள், தலையைத் தூக்காமல். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இத்தனை காலமும் அக்காவும் தங்கையும் ஜோடி. இப்போது சின்னவள் வேறொருத்தியோடு மடித்தாள்.

வீட்டில் ஓட்டுநர் ஒன்றும் கேட்கவில்லை. கேலி செய்திருந்தால் நன்றாயிருக்கும் என்று அவளுக்கு இருந்தது.

அடுத்த கூட்டத்தில் கடைசி விஷயம் வழக்கம்போல் சுயவிமர்சனம். பத்திரிகை விற்பதில் சுணக்கம் காட்டினேன், கூட்டத்துக்குத் தாமதமாக வந்தேன் என்று எல்லோரும் எப்போதும் சொல்வதையே சொல்லி முடித்தார்கள். பெரியக்கா எழுந்தாள். தங்கையை வரவிடாமல் தடுத்தது தான் என்றாள். நீக்கத்தில் எனக்குச் சம்மதமில்லை, இருந்தும் கை தூக்கினேன், பேனா நின்றபோதும் இறக்கவில்லை, தங்கைக்காகப் பயப்படவில்லை, உங்கள் பார்வைக்குப் பயந்தேன் என்றாள். தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டு, மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்றாள்.

தோழர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபரிசீலனையை ஆதரிப்பவர்கள் என்று கேட்டார். இஸ்திரிக்காரர் கை தூக்கினார், அவள் தூக்கினாள். வேறு யாரும் இல்லை. அவள் விரும்பினால் வட்டக் குழுவுக்கு மேல்முறையீடாக அனுப்பலாம் என்று சொல்லிவிட்டு, தோழர் மெதுவாகக் கேட்டார்: "அதுவரைக்கும் வெளியில ஒரே வாய்தான், இல்லையா தோழர்?"

"ஆமா தோழர்" என்றாள். அவளுடைய வார்த்தைதான் அது.

சில வாரங்கள் கழித்து, சின்னவளோடு மடிப்பவள் ஒருநாள் வேலைக்கு வரவில்லை. விரிப்புகள் மேசையில் மலையாகக் குவிந்தன. பெரியக்கா போய் ஒரு முனையைப் பிடித்தாள். தங்கை மறுமுனையை எடுத்தாள். உதறி, இழுத்து, பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். அக்காவின் விரல்களிலிருந்து மூலைகளை வாங்கிக்கொள்ளும்போது தங்கை கேட்டாள்.

"மேல என்ன சொல்றாங்க?"

"இன்னும் பதில் வரல."

"கூப்பிட்டா நானே வந்து பேசிக்கறேன். நீ பாத்துக்க வேணாம்."

"சரி" என்றாள் பெரியக்கா. அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குனிந்து அடுத்த விரிப்பின் முனையைத் தேடினாள்.